வடிவு அக்காவின் ஆறு வருஷம்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய்-19.
14-10-1962

தம்பி கணேசபாண்டியனுக்கு அக்கா சண்முகவடிவு எழுதுவது.

நான் சுகம். நீயும் பேராச்சியும் பிள்ளை செண்பகமும் சுகமாக இருப்பீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதத்திலிருந்து மணியார்டர் நாற்பது ரூபாய் வராது. பதினைந்துதான் வரும். கோபப்படுவதற்கு முன்னால் கடிதத்தை முழுசும் படித்துவிடு.

போன செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்து கம்பெனி கேட்டை விட்டு வெளியே வருகிறேன், மாடத்தி நின்றுகொண்டிருந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் பேக்கிங்கில் எனக்குப் பக்கத்து மேஜை. நான் மாத்திரையை எண்ணிச் சீசாவில் போடுவேன், அவள் லேபிள் ஒட்டுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐம்பத்தைந்து வயது முடிந்து ரிட்டையர் ஆனாள். எல்லாரும் காசு போட்டு மாலையும் ஒரு குக்கரும் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். பிராவிடண்ட் ஃபண்டில் வந்த பணத்தை அப்படியே மகன் கையில் கொடுத்தாள். அவன் ஒரு லாரியில் பங்கு சேர்ந்தான். லாரி இகத்புரி மலையில் கவிழ்ந்தது. அவ்வளவுதான்.

இப்போது கான்டீனில் பாத்திரம் கழுவ வேலை கேட்டு வந்திருக்கிறாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. என்னைப் பார்த்ததும், "ஏட்டி வடிவு, ஒரு டீ வாங்கித் தாயேன்" என்றாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மகன் ஏதும் கொடுமைப்படுத்துகிறானா என்று கேட்டேன். "சே, தங்கமான பையம்ட்டி. அவனுக்கே இல்லை, எனக்கு எங்கிட்டு இருந்து தருவான்?" என்றாள்.

எனக்கு அங்கேதான் பயம் பிடித்தது கணேசா. மகன் கெட்டவனாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

எனக்கு ஆறு வருஷம்கூட முழுசாக இல்லை. 68 ஜூனோடு அனுப்பிவிடுவார்கள். லேபர் ஆபீசரைப் பார்த்து, ஃபண்டுக்கு என் சம்பளத்தில் கூடக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். மாட்டுங்கா போஸ்டாபீஸிலும் மாதம் இருபது ரூபாய் கட்டுகிற ஐந்து வருஷ டெபாசிட் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். புஸ்தகத்தில் என் பேரை எழுதிக் கொடுத்தான். என் பேரில் ஒரு புஸ்தகம் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இதுதான்.

உன் பெண்டாட்டி பேராச்சியிடம் பக்குவமாகச் சொல்.

அக்கா
வடிவு


வள்ளியூர்
2-11-1962

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையில் மூன்று பேர் பஞ்சருக்கு நின்றார்கள். படித்துவிட்டு எந்தச் சைக்கிளுக்கு எந்த டியூப் என்று எனக்கே தெரியவில்லை. பேராச்சி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சுகம்தான் என்று சொல்லிவிட்டேன்.

பணம் குறைந்தது எனக்குப் பெரிசு இல்லை. அதை முதலில் நம்பு. உன் மாடத்தியின் மகனையும் என்னையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தாயே, அதுதான். நான் லாரி வாங்குகிறவனா? அத்தான் இறந்த வருஷம் நான் பம்பாய்க்கே வந்து, "அக்கா, வேலையை விடும் காலம் வந்தால் என் வீடு இருக்கு, நான் சோறு போடுவேன்" என்று சொன்னேனா இல்லையா? நீ தலையை ஆட்டினாயே. பதினாறு வருஷமாக அதை நினைத்துக்கொண்டுதானே நான் இருக்கிறேன். இங்கே தெருவில் எல்லாருக்கும் தெரியும், கணேசபாண்டியனின் அக்கா கடைசியில் இங்கேதான் வருவாள் என்று.

இப்போது நீ புஸ்தகம் போடுகிறாய் என்றால் என்ன அர்த்தம்? தம்பி சோறு போட மாட்டான் என்றுதானே அர்த்தம்? ஒருத்தன் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

செண்பகம் பதினோராம் வகுப்பு முடித்ததும் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்கிறாள். ஹாஸ்டல் செலவுக்கு உன் பணத்தைத்தான் நினைத்திருந்தேன். அது கிடக்கட்டும். எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

நம்பிக்கை இல்லாத இடத்துக்குப் பதினைந்து ரூபாய் மட்டும் எதற்கு? அதையும் புஸ்தகத்திலேயே போட்டுக்கொள்.

தம்பி
கணேசபாண்டியன்


பம்பாய்-19
9-12-1962

கணேசா,

நேற்று என் மணியார்டர் திரும்பி வந்தது. தபால்காரர் எங்கள் வரிசைவீட்டுச் சாலில் எல்லாரும் குழாயடியில் நிற்கிற நேரமாகப் பார்த்து வந்தார். "மௌசி, லேனேவாலா நை லியா" என்று உரக்கச் சொன்னார். வாங்க வேண்டியவன் வாங்கவில்லையாம். என் பணத்தையே நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், இப்படி ஒரு கையெழுத்து போட்டதில்லை.

அந்தப் பதினைந்து ரூபாயை நான் என்ன செய்தேன் தெரியுமா? புஸ்தகத்தில் போடவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவுக்கு நடந்துபோய் ஒரு ஜோடித் தோல்செருப்பு வாங்கினேன். பிறகு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து நெய் ரோஸ்ட்டும் காப்பியும் சாப்பிட்டேன். சர்வர் "கூட யாரு வராங்க?" என்று கேட்டான். "யாரும் இல்லப்பா, நான்தான்" என்றேன். பாதி தோசைக்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் காசு கொடுத்தது வீணாகக் கூடாது என்று சாப்பிட்டேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அத்தான் இறந்தபிறகு மூன்று மாதம் அவருடைய அண்ணன் சுடலை வீட்டில், தாராவியில் இருந்தேன். அவர்கள் ஒருநாளும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. நல்ல மனுஷர்கள். ஆனால் நான் இரண்டாவது கரண்டிச் சோற்றுக்குத் தட்டை நீட்டமாட்டேன். அவர்கள் கேட்டாலும் "போதும் அக்கா" என்பேன். பசியோடு எழுந்திருப்பேன். அவர்கள் யாரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லையே, நான் ஏன் இருந்தேன்? கையில் ஒன்றும் இல்லாதவளுக்கு அப்படித்தான் வரும். மருந்து கம்பெனியில் முதல் பகார், சம்பளம்தான், வாங்கின அன்றைக்குத்தான் வயிறு நிறையத் தின்றேன்.

உன்னை நம்பாமல் இல்லையடா. நான் அப்படி ஆகிவிடுவேனோ என்று என்னைத்தான் நம்பவில்லை.

சீனாக்காரன் சண்டைக்கு ஒரு நாள் சம்பளம் எல்லாருக்கும் பிடித்தார்கள். கொடுத்தேன். இந்த மாதமும் பதினைந்து அனுப்புவேன். திருப்பி அனுப்பாதே.

வடிவு


வள்ளியூர்
20-6-1963

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய மணியார்டர்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் முன்னமே எழுதியிருக்கிறேன்.

செண்பகவல்லி எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகிவிட்டாள். பாளையங்கோட்டைக்கு அனுப்பவில்லை. ஆவணி மாதம் இருபதாம் தேதி கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. மாப்பிள்ளை பணகுடியில் பலசரக்குக் கடை. குடும்பத்தில் குறை இல்லை. பத்திரிகை அச்சானதும் அனுப்புவேன். தங்களுக்கு லீவு கிடைத்தால் வந்து ஆசீர்வாதம் செய்யவும். செலவுக்கு எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை.

இப்படிக்கு
மு. கணேசபாண்டியன்


பம்பாய்-19
1-7-1963

ஏலே கணேசா,

தாங்களாம், அவர்களுக்காம். உனக்கு மூக்கு வடிந்தபோது முந்தானையால் துடைத்தவள் நான்.

இந்தக் கல்யாணத்தைத் தள்ளிப்போடு. பெண்ணுக்குப் பதினெட்டுதானே. டிரெயினிங் இரண்டு வருஷம். மாதம் இருபது ரூபாய் நேராக ஹாஸ்டலுக்கே நான் கட்டுகிறேன், போஸ்டாபீஸில் கட்டுவதை நிறுத்திக்கொள்கிறேன். போகட்டும், மீதி மூன்று வருஷத்தில் ஆனதைச் சேர்ப்பேன். இது உனக்காக இல்லை, அவளுக்காக.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. ஏழு மாதமாக நீ திருப்பி அனுப்பிய பதினைந்துகளைச் சேர்த்துவைத்திருந்தால் அந்தப் பெண்ணின் முதல் வருஷ ஹாஸ்டல் கட்டணத்தில் பாதி ஆகியிருக்குமா இல்லையா? நான் குறைத்தது இருபத்தைந்து. மீதியை நிறுத்தியது யார்?

உடனே பதில் போடு.

அக்கா


வள்ளியூர்
11-2-1965

அக்கா,

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்குக் கால்மணி நேரம் ஆகிறது. செண்பகம் கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் அனுப்பிவிட்டு ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தவன் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஒரு மாட்டுவண்டி அச்சைத் தட்டி நிமிர்த்தித் தரச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தார். சைக்கிள் கடைக்காரன் அதைத் தொட்டிருக்கக் கூடாது. ஐந்து ரூபாய் கிடைக்கிறதே என்று தொட்டேன். அச்சு நழுவி வலது கைமேல் விழுந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது விரல் மடங்காது என்கிறார்கள். கடை மூடியே கிடக்கிறது.

நான் பணத்துக்காக எழுதவில்லை. பேராச்சி கம்மலை விற்றாள், சமாளிக்கிறோம். எழுதியது வேறொன்றுக்காக.

கட்டிலில் கிடந்து யோசித்தேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. கை ஓடுகிற வரைக்கும்தான் கடை. இருபது வருஷமாக உழைத்தேன், ஒரு மாதம் படுத்தால் வீட்டில் அரிசி இல்லை. எப்படி என்று கணக்குப் பார்த்தேன். கடை வருமானம் கடைக்கும் சுற்றுக் காரியத்துக்கும் போயிற்று. அரிசி, பருப்பு, துணி எல்லாம் உன் நாற்பது ரூபாயில் வந்தது. உனக்கு நான் சோறு போடுவேன் என்று ஊரெல்லாம் சொன்னேனே அக்கா, அந்தச் சோறு நீ வாங்கிக் கொடுத்த சோறு.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில்: மீதியை நிறுத்தியது நான்தான்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

கணேசன்


பம்பாய்-19
22-2-1965

கணேசா,

கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்.

போஸ்டாபீஸுக்குப் போய் டெபாசிட்டில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுக்கலாம், ஆனால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டேன். இருநூற்றைம்பது அனுப்புகிறேன். இதைத் திருப்பி அனுப்பினால் ரயிலேறி வந்து உன்னை அடிப்பேன். மிஞ்சியிருக்கிற கையாலும் ஒன்றும் செய்ய முடியாமல் பண்ணிவிடுவேன்.

கம்மலை முதலில் மீட்டுக் கொடு. விற்றாயிற்றென்றால் புதிதாகச் செய்து போடு. மீதியில் வாடகைச் சைக்கிள் நான்கு வாங்கு. மணிக்கு இத்தனை என்று வாடகைக்கு விடு. அதற்கு விரல் வேண்டாம், எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் கண்ணும் இருந்தால் போதும். தினம் நாலணாவை வேறு டப்பாவில் போடு. சனிக்கிழமை போஸ்டாபீஸில் கட்டிவிடு. யார் வந்து கேட்டாலும், நானே கேட்டாலும், அதில் கைவைக்காதே.

செண்பகத்துக்கு நான் எழுத நினைத்துப் பலதடவை பேனாவை எடுத்தேன். கல்யாணத்துக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன், அது பொய். வீம்பு உனக்கு மட்டும்தான் இருக்கிறதா?

கையைத் தண்ணீரில் நனைக்காதே.

அக்கா


பம்பாய்-19
7-8-1966

தம்பி கணேசனுக்கு,

ஏழாவது மாதமாக உன் பத்து ரூபாய் வந்து சேர்ந்தது. இந்தக் கேம்பிலிருந்து ஊருக்குப் போகிற மணியார்டரைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஊரிலிருந்து இங்கே வருவதைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் "உனக்கு அங்க நிலம் நீச்சு இருக்கா?" என்று கேட்கிறாள். கடனாக நினைக்காதே என்று எத்தனை தடவை எழுதினாலும் நீ கேட்கப் போவதில்லை. போஸ்டாபீஸில் எடுத்ததை அடைக்கிறேன்.

இப்போது உன் யோசனை வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து உன்னிடம் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை.

பேக்கிங்குக்கு ஜெர்மன் மிஷின் வந்திருக்கிறது. மாத்திரையைத் தானே எண்ணி, தானே மூடி, தானே லேபிள் ஒட்டுகிறது. முப்பது பெண்கள் செய்ததை மூன்று பேர் செய்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தானாக விலகினால் கையில் எண்ணூறு ரூபாய் தனியாகத் தருவார்களாம், ஃபண்டு வேறு. விலகாதவர்களைச் சீசா கழுவும் இடத்துக்கு மாற்றுவார்கள். அங்கே எட்டு மணி நேரமும் ஈரத்தில் நிற்க வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் மதீனா பீவி எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் புருஷனுக்கு நெஞ்சில் நோய், அவளுக்கு இன்றைக்கே பணம் வேண்டும். அவள் செய்தது சரி. எனக்கு எது சரி?

யூனியன் ஆபீஸில் ரஹ்மத்துல்லா என்று ஒருவர் இருக்கிறார். காகிதத்தில் கோடு போட்டு எழுதிக் காட்டினார். எங்கள் ஃபண்டு ஆரம்பித்தது 52 நவம்பர். பதினைந்து வருஷம் முடியாமல் நானாக விலகினால் கம்பெனி போட்ட பங்கில் ஒரு பகுதி போய்விடும், கடைசியில் தருகிற கிராஜுவிட்டிப் பணமும் வராது. இப்போது போனால் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். 68 ஜூன் வரைக்கும் தாக்குப்பிடித்தால் எட்டாயிரத்தைத் தொடும். "கடைசி இரண்டு வருஷத்துலதான் பெஹன்ஜி பணம் குட்டி போடும்" என்றார்.

ஆனால் எனக்கு ஐம்பத்து மூன்று ஆகிறது. இப்போதே மாடி ஏறினால் முழங்கால் பேசுகிறது. ரூபாய் மதிப்பை வேறு குறைத்துவிட்டார்கள், நாளைக்கு எட்டாயிரத்துக்கு என்ன கிடைக்குமோ. மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

வடிவு


வள்ளியூர்
16-8-1966

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் கடைச் சொந்தக்காரர் வந்தார். கடையையும் பின்னால் இருக்கிற இடத்தையும் விற்கப் போகிறாராம். மூவாயிரம் கேட்கிறார். இருபது வருஷம் வாடகை கொடுத்தவன் என்று எனக்கு முதலில் சொன்னார். நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான், என்னை எழுந்திருக்கச் சொல்வான்.

மறுநாள் உன் கடிதம். நாலாயிரம் என்று எழுதியிருக்கிறாய். வாங்கிக்கொண்டு வந்துவிடு அக்கா என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. சாமி சத்தியமாக வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். பின்னாடி வேறு யார் வாய்மூலமாகவோ உனக்குத் தெரிந்தால், தம்பி மறைத்தான் என்று ஆகும். மறைக்காமல் சொன்னபிறகும் என் யோசனை இதுதான்: எழுதிக் கொடுக்காதே. இரு.

செண்பகம் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன், பேராச்சியும் கேட்கட்டும் என்று. வாசித்து முடித்து மடித்துவைத்துவிட்டு, "அத்தையைக் கடைசி நாள் வரைக்கும் இருக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். எதுக்கும்மா என்றேன். "என் கையில ஒரு சம்பளம் இருந்தா நானும் விடமாட்டேன்" என்றாள். அவள் குத்திக்காட்டுகிற பெண் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

கடையைப் பற்றி நீ கவலைப்படாதே. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஆறு சைக்கிள் நிறுத்தலாம். அது போதும்.

முழங்காலுக்குப் பேராச்சி ஒரு தைலம் காய்ச்சுகிறாள். பார்சல் அனுப்புகிறேன்.

கணேசன்


பம்பாய்-19
23-7-1967

கணேசா,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் கை. சோடா உப்புத் தண்ணீரில் விரல்நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. பேனா பிடித்தால் எரிகிறது. தைலம் முழங்காலுக்கு நல்லதாக இருக்கிறது, பேராச்சியிடம் சொல்.

ஒரு நாளைக்கு எத்தனை சீசா கழுவுகிறேன் என்று எண்ணக் கூடாது என்று வைத்திருக்கிறேன். எண்ணினால் கால் வலி கூடுகிறது. ஷிப்டு முடிந்து பூட்ஸைக் கழற்றினால் பாதம் வேகவைத்த கிழங்கு மாதிரி இருக்கும். போன வாரம் மழையில் செம்பூர் பஸ் நிற்கவில்லை, சயான் வரைக்கும் நடந்தேன். சயான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இனி முடியாது, நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். அழுதேன் என்றும் வைத்துக்கொள். மழையில் யாருக்குத் தெரியும்.

அப்போது மதீனா பீவி எதிரே வந்தாள். புருஷனுக்கு மருந்து வாங்க வந்திருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் விடப் போகிறேன் என்றேன். அவள் என்னை இரு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. "எனக்கு வந்தது எட்டு மாசத்துல தீர்ந்துபோச்சு அக்கா. அவர் உசிரோட இருக்கார், அதனால வருத்தம் இல்லை" என்றாள். பிறகு என் பையை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் கூட நடந்து வந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதினோரு மாதம் இருக்கிறது.

உன் டப்பாவில் எவ்வளவு சேர்ந்தது என்று நீ எழுதவே இல்லை. எழுத வேண்டாம். சேருகிறது என்று மட்டும் எழுது.

அக்கா


பம்பாய்-19
30-6-1968

அன்புள்ள தம்பி கணேசனுக்கு,

முந்தாநாளோடு முடிந்தது.

கடைசி நாளும் சீசா கழுவினேன். சூப்பர்வைசர் "இன்னிக்கு உட்காருங்க மாமி" என்றார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நான்கு மணிக்குக் கை துடைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். எங்கெங்கேயோ கையெழுத்து வாங்கினார்கள். மாலை போட்டார்கள். பேசச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்தில் நான் பேசியது, "எல்லாரும் ஃபண்டு சீட்டை வருஷா வருஷம் வாங்கிப் பாருங்க" என்பது மட்டும்தான். சின்னப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து இருநூறு வருகிறது. பாங்கியில் நீண்ட டெபாசிட்டாகப் போடுகிறேன். மாதம் நாற்பது ரூபாய்க்கு மேல் வட்டி வரும். ரூம் வாடகை பதினொன்று. தாராளம் இல்லை, ஆனால் ஒருத்திக்குப் போதும். அதனால் நான் இந்த ரூமை விடப் போவதில்லை கணேசா. டோம்பிவிலியில் சல்லிசாகக் கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். அங்கே போய் யாரைத் தெரியும் எனக்கு?

வேலை விட்டதும் வள்ளியூரில் வந்து இருப்பாள் என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பாய். மன்னித்துக்கொள். இந்தத் தடவை நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். கோபித்தால் தாங்கள் அவர்கள் என்று எழுது, புரிந்துகொள்கிறேன்.

ஆனால் வருகிறேன். ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடித்து வருவேன். இரண்டு மாதம் இருப்பேன். செண்பகத்தை ஒரு வாரம் கூட்டி வைத்துக்கொள். அவளிடம் நேரில் பேச வேண்டியது இருக்கிறது, எப்படிப் பேசப் போகிறேன் என்று தெரியவில்லை.

முன்னெல்லாம் லீவில் வந்தால் பேராச்சி வைத்ததை வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போவேன். இந்தத் தடவை குழம்பு பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லப் போகிறேன். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்கூட்டியே சொல்லிவை.

அக்கா
வடிவு


வள்ளியூர்
9-7-1968

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். தெருவில் கேட்கிறவர்களிடம், "அக்காவுக்கு அங்க சொந்தமா ரூம் இருக்கு, வருவா, போவா" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு தடவை சொன்னபிறகு சொல்வது சுலபமாகிவிட்டது.

டப்பாவில் சேருகிறது.

செண்பகம் வருகிறாள். மாப்பிள்ளையும் பத்து நாள் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

உன் கடிதத்தைப் பேராச்சிக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஒரு வரிகூட விடவில்லை. குழம்பு விஷயம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மதினிக்கு எந்தக் குழம்பு பிடிக்காது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "சரி, எது பிடிக்கும்?" என்றாள். புளிக்குழம்பா, தேங்காய் அரைத்ததா, கருவாடா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். நான் உன்கூடப் பிறந்தவன், அவள் இருபத்தைந்து வருஷம் உனக்குப் பரிமாறியவள். எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை அக்கா.

சீக்கிரம் வந்து சொல்.

தம்பி
கணேசன்